சிப்பாய் பின்னால் வராது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"முடிவெடுக்கத் தடுமாறும் விஷயம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்" என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி வீடு, நிலம், கையெழுத்து பற்றியவை. நான் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள், அதில் பெரும்பகுதி கடன் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். இந்த இரண்டு இடங்களிலும் கற்றதை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். சட்ட விஷயங்களில் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு 68 வயது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள். ஊரில் சொந்த வீடு. மகள் திருமணமாகித் திருச்சியில் இருக்கிறாள். வீட்டை இப்போதே தன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால், வங்கிக் கடன் வாங்கி மாடி கட்டலாம் என்கிறான் மகன். நல்ல பிள்ளைதான். எழுதிக் கொடுக்கலாமா, உயில் போதுமா?
*வாசகர், மன்னார்குடி*

ஐயா, உங்கள் மகன் நல்ல பிள்ளை என்று நீங்கள் எழுதியதை அப்படியே நம்புகிறேன். அவர் நல்லவர் என்று வைத்துக்கொண்டே இதை யோசிப்போம்.

என்னிடம் சதுரங்கம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று சொல்வேன். குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டால் பெரும்பாலும் அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நகர்வு வீணாகும், அவ்வளவுதான். யானையும் ராணியும் அப்படித்தான். சிப்பாய் மட்டும் பின்னால் வராது. அதனால் சிப்பாயைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள் என்பேன்.

உயில் குதிரை. நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியது செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். செட்டில்மென்ட் சிப்பாய். பதிவாகி, மகன் ஏற்றுக்கொண்டுவிட்டால் அன்றைக்கே வீடு அவருடையது. பிறகு உங்கள் மனம் மாறினாலும் நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நம் மாநிலத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் "நிபந்தனையோடு" என்ற அந்தச் சொல்லில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் இந்தப் பிரிவு உதவும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 தொடக்கத்தில் வேறொரு வழக்கில் மூத்தோருக்குச் சாதகமாகக் கொஞ்சம் தாராளமாகப் பொருள் கொண்டது. பின்னால் எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பாரோ என்று காத்திருப்பதைவிட, எழுதும்போதே பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவது எவ்வளவோ எளிது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிகள் அதில் இருக்கட்டும். உங்களையும் உங்கள் மனைவியையும் பராமரிக்க வேண்டும் என்பது ஒன்று. இருவரின் ஆயுள் முடியும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கே என்பது இன்னொன்று.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மகன் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் அவருக்கு ஏதாவது நேர்ந்தால்? அவர் உயில் எழுதாமல் இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் போகும். முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் உண்டு, தந்தை இல்லை. நீங்கள் செங்கல் செங்கலாகக் கட்டிய வீட்டில் உங்களுக்கே பங்கில்லாமல் போகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பாருங்கள். இப்படி நடந்த ஒரு குடும்பத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். மருமகள் தங்கமானவள், மாமனாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டாள். இருந்தும் அந்தப் பெரியவர் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

மாடி கட்டக் கடன் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்காக வீட்டை மாற்றித்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நீங்கள் உரிமையாளராகவே இருந்து, மகனோடு சேர்ந்து இணை விண்ணப்பதாரராகக் கடன் கேட்கலாம். வங்கிகளில் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் வீடு அடமானத்தில் இருக்கும், தவணை நின்றுபோனால் வங்கி வீட்டின்மேல் கை வைக்கும். அதனால் அதுவும் பாதிச் சிப்பாய்தான். மகனின் சம்பளத்தில் தவணை எத்தனை பங்கு என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அப்புறம், திருச்சியில் இருக்கும் மகளிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பத்திரம் பதிவான பிறகு அவர் அடுத்தவர் வாயால் கேள்விப்படக் கூடாது.

வயது 27. சென்னையில் ஒரு கம்பெனியில் 38,000 சம்பளம். வேலையை விட்டுவிட்டு மதுரையில் நண்பனோடு சேர்ந்து டிபன் கடை போடலாமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். செஸ் ஆடுகிறவர்கள் 15 நகர்வு முன்னால் யோசிப்பார்களாமே மேடம், நாம் வாழ்க்கையில் எத்தனை ஸ்டெப் யோசிக்க வேண்டும்?
*வாசகர், வேளச்சேரி*

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஆட்ரியான் டி க்ரூட் என்று நெதர்லாந்து நாட்டு உளவியலாளர் ஒருவர். ஒலிம்பியாட் போட்டிகளில் தன் நாட்டுக்காகச் சதுரங்கம் ஆடியவர். உலகச் சாம்பியன்கள் முதல் சாதாரண கிளப் ஆட்டக்காரர்கள் வரை பலரிடமும் ஒரு நிலையைக் காட்டி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1946-ல் அது அவருடைய ஆய்வேடாக வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட ரொம்ப ஆழமாக எண்ணிப் பார்ப்பதாக அவர் காணவில்லை. யோசிப்பதற்கென்று அவர்கள் எடுத்துக்கொண்ட நகர்வுகளே தரமானவையாக இருந்தன.

உங்கள் கடிதத்தை அதை வைத்துப் படித்தேன். ஆறு மாதமாக நீங்கள் இரண்டே நகர்வுகளைத்தான் மாற்றி மாற்றி எண்ணுகிறீர்கள்: வேலையை விடுவது, விடாமல் இருப்பது. மூன்றாவது, நான்காவது இல்லையா? நண்பர் முதலில் தொடங்கட்டும், நீங்கள் ஆறு மாதம் சம்பளத்திலிருந்து பணம் போடலாம். சனி, ஞாயிறு மாலை மட்டும் ஒரு தள்ளுவண்டி போட்டுப் பார்க்கலாம். மதுரையிலேயே குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை தேடிக்கொண்டு, மாலையில் கடையில் நிற்கலாம். உங்கள் கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு உண்டா என்று கேட்கலாம். ஐந்து வழிகளைத் தாளில் எழுதிய பிறகு, ஒவ்வொன்றிலும் மூன்று படி யோசித்தால் போதும்.

மூன்று படி என்றால், நாம் செய்வது, அதற்கு எதிரில் நடப்பது, அதற்கு நாம் செய்வது. புதிதாக ஆடும் பிள்ளைகள் எல்லோரும் நடுப்படியைத்தான் விட்டுவிடுவார்கள். தன் நகர்வையும் அதற்கடுத்த தன் நகர்வையும் பார்ப்பார்கள், எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே மறந்துபோகும். டிபன் கடையில் எதிரே யார்? பக்கத்துக் கடைக்காரர் தோசைக்கு ஐந்து ரூபாய் குறைப்பார். மாஸ்டர் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போய் வராமல் இருந்துவிடுவார். மாஸ்டர் வராத அன்று தோசைக்கல் முன்னால் நிற்கப்போவது யார், நீங்களா உங்கள் நண்பரா? இந்தக் கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லையென்றால் கடை இன்னும் தயாராகவில்லை.

இன்னொன்று செய்யுங்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-ல் ஒரு கட்டுரையில் விளக்கிய முறை இது. கடை போட்டு, இரண்டு வருடத்தில் மூடியும் ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மூடினோம்? நீங்கள் தனித் தாளில் எழுதுங்கள், நண்பர் தனியாக எழுதட்டும், பிறகு மாற்றிப் படியுங்கள். "மூடினால் என்ன ஆகும்" என்று கேட்டால் எல்லோரும் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பார்கள். "மூடியாயிற்று, காரணம் சொல்" என்றால் தயங்காமல் எழுதுவார்கள். உங்கள் நண்பர் எழுதும் முதல் காரணம் நீங்கள்தான் என்றுகூட இருக்கலாம். அதைக் கடை திறப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது!

கடைசியாக, எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்பதைத் தொடங்கும்போதே எழுதி வையுங்கள். 4 லட்சம் போடுகிறீர்கள் என்றால், "இன்னும் ஒரு லட்சம் போன பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து நஷ்டம் என்றால் மூடுவோம்" என்று இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். நான் கிளையில் இருந்தபோது ஓட்டல் வைத்திருந்த ஒருவர் நான்கு முறை நகைக் கடனுக்கு வந்தார். முதல் முறை வளையல்கள். நான்காம் முறை அவர் மனைவி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் "இதுவரை போட்டது வீணாகக் கூடாதே மேடம்" என்றுதான் சொன்னார். நான்கு முறையும் படிவம் எழுதியது நான்தான். ஒரு தடவையாவது உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த அம்மாளின் முகம் எனக்கு மறக்கவில்லை. ஏற்கெனவே போட்ட பணம் போய்விட்டது. இனிமேல் போடப்போகும் பணம் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

என் கணவரின் தங்கை வீட்டுக்காரர் தொழில் கடன் வாங்க என் கணவரிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். "சும்மா பெயருக்குத்தான் மச்சான்" என்கிறார். மறுத்தால் உறவு கெட்டுவிடும் என்று கணவர் பயப்படுகிறார்.
*வாசகி, திண்டுக்கல்*

பெயருக்குக் கையெழுத்து என்று சட்டத்தில் ஒன்று கிடையாதம்மா. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் மாறும், வங்கிப் படிவங்களில் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். வங்கி முதலில் அவரிடம் கேட்டுத் தீர்ந்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்றும் இல்லை, நேராக வரலாம்.

என் அப்பா பள்ளி ஆசிரியர். 1979-ல் உடன் வேலை பார்த்தவருக்கு ஜாமீன் போட்டார். அந்த நண்பர் கெட்டவரில்லை, நோயில் படுத்துவிட்டார். ஆறு வருடம் அப்பாவின் சம்பளத்திலிருந்து பிடித்தார்கள். அக்காவின் கல்யாணம் அதனாலேயே தள்ளிப்போனது. அப்பா ஒருநாள்கூட அந்த நண்பரைக் குறை சொல்லவில்லை, அம்மாவும் வாய் திறக்கவில்லை. மாதம் பிறந்து முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் நிலவிய அமைதியை மட்டும் இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

ஆகவே "அவர் கட்டுவாரா?" என்று யோசிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உறவு பதில் சொல்லிவிடும், கட்டுவார் என்று. "முழுத்தொகையையும் நாம் கட்ட வேண்டி வந்தால் நம்மால் முடியுமா, கட்டிவிட்டு அவர்கள் வீட்டுப் பொங்கலுக்குச் சிரித்த முகத்தோடு போக முடியுமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் போடட்டும். இல்லையென்றால், உங்களால் முடிந்த ஒரு தொகையை, அது 20,000 ஆனாலும், திருப்பிக் கேட்காத பணமாகக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு சரியாகிவிடும்.

உங்களுக்கு மறக்க முடியாத சதுரங்க ஆட்டம் எது?
*வாசகர், சேலம்*

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய 14-ஆவது ஆட்டம். அதுவரை இருவரும் 6.5 - 6.5 என்று சமமாக இருந்தார்கள். அன்று மாலை எங்கள் திண்ணையில் ஒன்பது பிள்ளைகள் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

குகேஷ் கறுப்பு. ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது, ஆனால் மிச்சமிருந்த சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. இப்படிப்பட்ட நிலைகளில் பெரும்பாலும் சமன்தான் ஆகும். மணிக்கணக்காகத் தற்காத்துக்கொண்டு வந்த டிங், 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்றார். காய்கள் குறைந்தால் சீக்கிரம் சமனாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அவருடைய மந்திரி மூலையில், ஏ8 கட்டத்தில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்தார். மூலையில் இருந்த மந்திரிக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாற்றாகியே தீர வேண்டும். பிறகு பலகையில் இருப்பது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். 58-ஆவது நகர்வில் டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்.

எனக்கு மறக்காதது இரண்டு. ஒன்று, டிங் அன்று தவறியது ஆழத்தில் இல்லை. பலகை முழுக்கக் காய்கள் இருக்கும்போது மந்திரி மூலையில் நிற்பது பெரிய குறையாகத் தெரியாது. மாற்றிக்கொண்ட பிறகு என்ன மிச்சமிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் நாம் செய்யும் மாற்றங்களிலும் எனக்கு இதே கவலைதான். ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுச் சென்னையில் ஃபிளாட் வாங்குகிறோம். கணக்கில் லாபம்தான். ஆனால் விற்ற பிறகு வயதான அம்மாவுக்கு எந்த ஊர் சொந்த ஊர், யார் அக்கம்பக்கம், காலையில் எழுந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மிச்சமிருப்பதை எண்ணுகிறோமா?

இரண்டாவது, குகேஷே அதை உடனே கவனிக்கவில்லை. வேறொரு யானை நகர்வை ஆட இருந்ததாகவும், பிறகுதான் மந்திரி மாட்டியிருப்பதைப் பார்த்ததாகவும் ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார். கை போகுமுன் இன்னொரு முறை பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகவே இந்த ஆட்டத்தை ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் பலகையில் வைத்துக் காட்டுகிறேன்.

மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை எழுதுகிறேன் என்கிறாள். அவள் அப்பா போதும் என்கிறார். நான் நடுவில் தவிக்கிறேன்.
*வாசகி, தருமபுரி*

உங்கள் தவிப்பு புரிகிறது. ஒரு பெண் 18 வயதில் இரண்டு வருடத்தை ஒரே தேர்வில் வைத்திருக்கிறாள் என்றால் அவள் ஆசை விளையாட்டு இல்லை. அதை முதலில் அவளிடம் நீங்கள் இருவரும் சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. "மூன்றாவது வருடத்தில் எது வேறாக இருக்கும்?" இன்னும் நன்றாகப் படிப்பேன் என்பது பதிலாகாது. இயற்பியலில் எத்தனை மதிப்பெண் போனது, எந்தப் பாடங்களில், முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் எது ஏறியது, எது ஏறவில்லை? அவளே ஒரு தாளில் எழுதட்டும். இரண்டு முறைக்கும் நடுவில் நல்ல ஏற்றம் இருந்து, விட்ட இடமும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தால் நான் அவள் பக்கம். மதிப்பெண் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அதே பயிற்சி வகுப்பில் அதே முறையில் இன்னொரு வருடம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

எழுதுவது என்று முடிவானாலும் மற்ற கதவுகளைச் சாத்திவிட வேண்டாம். நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்கள், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், மருந்தியல் போன்றவை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. நீட் முடிவுக்காகக் காத்திருக்கும் மனநிலையில் இந்தத் தேதிகளைத் தவறவிட்ட வீடுகள் நிறைய. சமையலறைக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள். டிசம்பர் கடைசியில் ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை எழுதிய மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்களை மூவரும் உட்கார்ந்து பார்ப்பதற்கு. அந்த நாள் வரை அவள் அப்பா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அந்த நாளில் அவளும் எண்களுக்கு எதிராக வாதாடக் கூடாது. இப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தால் நடுவில் உள்ள மாதங்களில் வீட்டில் எல்லோரும் மூச்சு விடலாம்.

கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் வர 15 நாள், 20 நாள். வருங்காலத்தை நினைத்தால் இரவில் தூக்கமே வருவதில்லை அக்கா. முன்யோசனை வேண்டும் என்கிறார்கள், எனக்கு யோசனையே நோயாகிவிட்டது.
*வாசகி, நாமக்கல்*

தங்கச்சி, இரவில் படுத்துக்கொண்டு நினைப்பது முன்யோசனை இல்லை, அது கவலை. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். முன்யோசனை ஒரு வேலையில் போய் முடியும், அதற்கு ஒரு தேதி இருக்கும். கவலைக்கு முடிவு கிடையாது, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்கும். அதனால் உனக்கு நான் வேலை கொடுக்கிறேன், இந்த வாரமே செய்.

கணவரின் வங்கி பாஸ்புக்கை எடுத்துப் பதிவு போட்டுக்கொண்டு வா. மே மாதக் கடைசியை ஒட்டி 20 ரூபாய், 436 ரூபாய் என்று பிடித்திருக்கிறார்களா பார். 20 ரூபாய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, விபத்துக் காப்பீடு. விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை. 436 ரூபாய் ஜீவன் ஜோதி பீமா, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், சேர வயது 18 முதல் 50. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரைதான், வருடா வருடம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் பிடிக்காது, காப்பீடும் நின்றுபோகும். பாஸ்புக்கில் இந்தப் பிடித்தம் இல்லையென்றால் அவர் அடுத்த முறை வரும்போது வங்கிக்கு அழைத்துப்போய்ச் சேர்த்துவிடு.

பாஸ்புக்கைப் பார் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணவர் இறந்து பல மாதம் கழித்துக் கணக்கை மூட வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கும். வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கேட்காததால் கிடைக்காமலே போக இருந்த பணம்.

அப்புறம் நாமினி. கணக்கில், லைசென்ஸ் வைத்திருக்கும் உறையில் இருக்கும் எல்.ஐ.சி. பாலிசியில், எதில் யார் பெயர் என்று பார். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசியில் மாமியார் பெயரே இருக்கலாம், அவர் காலமாகியும் இருக்கலாம். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வாங்கிவிடு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திரு. வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடத்தைச் சொல்லிவை.

இவ்வளவும் செய்த பிறகும் சில இரவுகளில் தூக்கம் வராது. பிரிந்து இருக்கும் மனசு அப்படித்தான். அந்த இரவுகளில் அவருக்கு ஃபோன் பண்ணு. வண்டி ஓட்டும் நேரத்தில் வேண்டாம், நிறுத்திச் சாப்பிடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். நல்ல நகர்வு தெரிந்ததும் உடனே ஆடிவிடுகிறேன். அப்புறம் தோற்றுவிடுகிறேன். என்ன செய்வது ஆன்ட்டி?
*மாணவன், காரைக்குடி*

கண்ணா, ஆடும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் பிள்ளைகள் எல்லோரும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் உட்காருவார்கள். எதிரே இருப்பவன் ஆடி முடித்ததும், உன் நகர்வைத் தேடாதே. "அவன் ஏன் இப்படி ஆடினான்?" என்று முதலில் கேள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு உன் நகர்வைத் தேடு. கண்டுபிடித்ததும், அதற்கு அவன் என்ன செய்வான் என்று ஒரே ஒரு முறை பார். பார்த்தாயா? இப்போது கையை எடு.

ஒரு மாதம் இப்படி ஆடிவிட்டு, தோற்ற ஆட்டம் ஒன்றை வரிசையாக எழுதி எனக்கு அனுப்பு. எந்த நகர்வில் கை முந்திக்கொண்டது என்று நீயே ஒரு வட்டம் போட்டு அனுப்பு. நான் பலகையில் வைத்துப் பார்க்கிறேன்.